கையுறை கிழிந்தது

ரவ்ஹியாவைப் போல ஆபரேஷனில் கருவி எடுத்துக் கொடுக்க எங்கள் தமன்ஹூர் நகர ஆஸ்பத்திரியில் ஆள் கிடையாது. டாக்டர் கேட்க வாயைத் திறப்பதற்குள் கத்தரிக்கோல் அவர் உள்ளங்கையில் இருக்கும். ரயில்வே சிக்னல்காரர் மகள். நிச்சயம் செய்த மாப்பிள்ளை, ஆம்பளைங்க நடுவே நிற்கிற இந்த வேலையை விட்டுவிடு என்றபோது மோதிரத்தைக் கழற்றி அவன் அம்மா கையில் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை ஃபூல், அதாவது அவித்து மசித்த மொச்சை, அடைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டே டூட்டிக்கு வந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு. அதற்குப் பிறகு பதினோரு வருஷம், ஆபரேஷன் அறைதான் அவளுக்கு எல்லாம்.

நான் இஹ்ஸான். அதே அறையில், கருவி மேசையைத் தொடாமல் சுற்று வேலை பார்க்கிற, கை கழுவாத நர்ஸ். விளக்கைத் திருப்புவேன், தையல் நூல் உறையைப் பிரித்துப் போடுவேன், பதிவேட்டில் எழுதுவேன். ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம். என் கோழைத்தனத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

டாக்டர் ஷுக்ரி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கெட்டிக்கார சர்ஜன், அதில் பொய் சொல்ல மாட்டேன். பெரிய இடத்து ஆளைக் கூப்பிடுகிற மாதிரி நாங்கள் எல்லோரும் பாஷா, பாஷா என்று குழைந்தோம். அவர் அவசரப்படாத மனிதர். எனக்குப் பயமாக இருந்ததே அதனால்தான். முதல் மாதம் ரவ்ஹியாவைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

கை கழுவி, அங்கியும் கையுறையும் போட்டுவிட்டால் அந்த நர்ஸ் எதையும் தொடக் கூடாது. கைகளை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி நிற்க வேண்டும். அங்கியின் முன்பக்கம்தான் சுத்தம். முதுகுப் பக்கம் யார் தொட்டாலும் கணக்கில்லை. டாக்டர் ஷுக்ரி இந்தச் சட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டார். ரவ்ஹியா மேசை அடுக்கி முடித்து, நோயாளி மயங்கியதும், கை கழுவாமலே உள்ளே வருவார். அவளுக்குப் பின்னால் போய் நிற்பார். அவர் கை அவள் முதுகுக்குக் கீழே போகும். மயக்க டாக்டருக்கு அந்த நேரம் பார்த்துத் தன் மெஷினில் ஏதாவது வேலை வந்துவிடும். அவள் தட்டிவிட்டால் அவள் கை அழுக்கு. மறுபடி முதலிலிருந்து கழுவ வேண்டும், நோயாளி மயக்கத்திலேயே காத்துக் கிடக்க வேண்டும். அவள் தட்டிவிட மாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு நாள் டீ அறையில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்க பாக்குறீங்கல்ல?"

"பாக்குறேன்."

"அப்புறம் ஏன் வாயைத் தொறக்க மாட்டேங்குறீங்க?"

"வாயைத் தொறந்தவளுங்க எங்க இருக்காளுங்கன்னு உனக்குத் தெரியாதா? வயக்காட்டு நடுவுல ஏதோ ஒரு சுகாதார நிலையத்துல ஈ ஓட்டிட்டு இருக்காளுங்க."

அவள் சிரிக்கவில்லை. "நீங்க வாயைத் தொறக்க வேணாம். நான் கையை இறக்கி அவரைத் தள்ளிடறேன். யார் கை அழுக்கானாலும் மணியும் காரணமும் நீங்க எழுதித்தானே ஆகணும்? நான் சத்தமாச் சொல்றேன், நீங்க எழுதுங்க. அது போதும் எனக்கு."

"எழுதறேன்" என்றேன். அந்த நிமிஷம் அதை நிஜமாகத்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை பித்தப்பை கேஸ். ஒரு ரொட்டிக்கடைக்காரர் மனைவி. வயிற்றில் மருந்து தடவியாயிற்று. டாக்டர் ஷுக்ரி வந்தார், ரவ்ஹியாவின் பின்னால் நின்றார். அவள் கை இறங்கியது. அவர் மணிக்கட்டைப் பிடித்து அப்பால் தள்ளினாள்.

"என் கை அழுக்காயிடுச்சு" என்றாள். "டாக்டர் என் உடம்புல கை வெச்சார். தள்ளிவிட்டேன். மணி ஒன்பது நாப்பது. எழுதுங்க, மிஸ் இஹ்ஸான்."

அவள் புதிதாகக் கை கழுவ வெளியே போனாள். டாக்டர் ஷுக்ரி என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லை அந்த முகத்தில். என் பேனாவை மட்டும் பார்த்தார்.

எழுதினேன். 9.40. கையுறை கிழிந்தது.

அன்றே அவள் புகார் கொடுத்தாள். பதிவேட்டைப் பாருங்கள், எல்லாம் அதில் இருக்கிறது என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருந்தாளாம். அவள் பதிவேட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான் எழுதறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அதுவே போதும் என்று இருந்துவிட்டாள். விசாரணைக்கு முன் அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு எட்டு நாள் இருந்தது. எட்டு நாளும் அவள் ஊற்றிக் கொடுத்த டீயைக் குடித்தேன்.

ஆஸ்பத்திரிச் சட்டப் பிரிவு அதிகாரி டாக்டரையும் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பதிவேட்டைத் திறந்து, விரலை வைத்து, அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். ரவ்ஹியா, "வேற பக்கமா இருக்கும், சார்" என்றாள். அவர் தேதியைக் காட்டினார்.

"இது உங்க கையெழுத்தா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமா."

"கையுறை கிழிஞ்சுதா?"

ரவ்ஹியா என்னைப் பார்த்தாள். அதில் திட்டு இல்லை. இன்னும் நம்பிக்கை இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"கிழிஞ்சுது" என்றேன்.

பொய்ப் புகார் என்று முடித்து, அவளை ஒரு கிராமத்து நிலையத்துக்கு மாற்றினார்கள். அங்கே குழந்தைகளுக்கு ஊசி போடுகிறாள் என்று கேள்வி. ஆபரேஷன் அறை அங்கே கிடையாது.

போன வாரம் தாழ்வாரத்தில் டாக்டர் ஷுக்ரி என்னை நிறுத்தினார். கூட நடந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. நர்சிங் பள்ளியிலிருந்து நேராக ரவ்ஹியாவின் இடத்துக்கு வந்தவள்.

"மிஸ் இஹ்ஸான் ரொம்ப அனுபவசாலி" என்றார் அவளிடம். பிறகு என்னிடம், "இனிமே என் கேஸ் எல்லாத்துலயும் நீங்களே இருங்க, மிஸ். உங்களை மாதிரி எழுத இங்க யாருக்கும் தெரியாது."

அந்தப் பெண் என்னைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்தாள்.