ஒதிலியா டீச்சர் வீட்டு அடுப்பு

ஏரிக்கரை ஊரில் ஒதிலியாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. பிள்ளைகளுக்கு அவள் டீச்சர். பெரியவர்களுக்குப் புகை டீச்சர். எந்த வீட்டுக் கூரைமேல் கறுப்பாகப் புகை எழும்பினாலும் தெருவில் நின்றபடியே, "உள்ள என்னம்மா எரியுது?" என்று கேட்டுவிடுவாள். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர்.

அவள் அந்த ஊரிலேயே பிறந்தவள். அப்பா வெங்காயப் பாத்திக்கு ஏரித் தண்ணீர் இறைத்தவர். சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்திருக்கிறாள். அவள் படிப்பு முடித்து வாத்தியாராக வந்த வருஷம் ஏரி முழுக்கப் பாசி படர்ந்து, பூசைக்குப் போகிறவர்கள்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து நாலாம் வகுப்புக்கு அறிவியல் பாடம் என்றால் புத்தகத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போய்விடுவாள். கிடக்கிற பிளாஸ்டிக் பைகளையெல்லாம் பொறுக்கி, கழுவி, கொடியில் காயப்போட்டு, காலி பிளாஸ்டிக் சோடா பாட்டிலுக்குள் குச்சியால் குத்திக் குத்தி அடைப்பார்கள். பாட்டில் கல் மாதிரி இறுகிவிடும். அடுக்கி, கம்பி வலை கட்டி, சிமெண்டு பூசினால் சுவர். பள்ளிக்கூடத்துக்குப் புது வகுப்பறை ஒன்று அப்படித்தான் எழும்பிக்கொண்டிருந்தது.

"பைய எரிச்சா புகை எங்க போகும்?" என்று அவள் கேட்பாள்.

"நெஞ்சுக்குள்ள!" என்று வகுப்பே கத்தும்.

அந்த ஊரில் அடுப்புப் பற்றவைக்கப் பிசின் ஊறிய பைன் சிராய்தான் வழக்கம். மலையிலிருந்து வரவேண்டும். மழைக்காலத்தில் சிராய் நமத்துப்போனால் பெண்கள் ஒரு பிளாஸ்டிக் பையின் முனையைக் கொளுத்தி விறகுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். உடனே பிடித்துக்கொள்ளும். ஒதிலியா அதைத்தான் ஒழிக்கப் பாடுபட்டாள்.

வகுப்பில் அவள் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் நிக்தே. ஒல்லியான பெண், பேச்சு மட்டும் வெட்டொன்று துண்டு இரண்டு. அம்மா பஸ்குவாலா கையிலிருந்த பையைப் பிடுங்கி, "அந்தப் புகையில சுட்ட ரொட்டி எனக்கு வேணாம்" என்று நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாள். பஸ்குவாலா என்ன செய்வாள், பாவம். மகள் சாப்பிட வேண்டுமே என்று மழையில் மலையேறிச் சிராய் பொறுக்கி, துணிக்குள் சுற்றி நனையாமல் கொண்டுவந்தாள்.

மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வாரம். ஒதிலியாவின் கணவன் லாசரோ அக்கரையில் வேலை செய்கிறவன். முதல் படகைப் பிடிக்க வேண்டும். சிராய் நமத்திருந்தது. ஊதி ஊதிக் கண் எரிந்ததுதான் மிச்சம். மூலையில் பிள்ளைகள் கழுவிக் காயவைத்த பைகள் ஒரு சாக்கு நிறைய இருந்தன. ஒதிலியா ஒன்றை உருவினாள். அது முதல் தடவையும் இல்லை.

பை சொட்டுச் சொட்டாக உருகி எரிந்தது. புகை போகட்டும் என்று கதவைத் திறந்தாள். வாசலில் நிக்தே நின்றாள், இடுப்பில் சோளப் பாத்திரம், கையில் அடைத்து முடித்த பாட்டில். மாவு மில்லுக்குப் போகிற வழியில் கொடுக்க வந்திருக்கிறாள். அவள் அடுப்பைப் பார்த்தாள். சாக்கைப் பார்த்தாள். பாட்டிலை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று அறிவியல் பாடத்தில் ஒதிலியா புகையைப் பற்றிப் பேசவில்லை. இலை, தண்டு, வேர் என்று எதையோ நடத்தினாள். நிக்தே கை தூக்கவேயில்லை.

மறுநாள் சாயங்காலம் பஸ்குவாலா மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க டீச்சர். இந்தக் கழுத உங்கமேல பழி போடுது. நீங்க பைய வச்சு அடுப்பு மூட்டுறீங்களாம். மில்லுல அத்தன பேர் முன்னாடி சொல்லுது. அங்கேயே கன்னத்துல ஒண்ணு வச்சேன்."

"விடுங்கக்கா, சின்னப் பிள்ள" என்றாள் ஒதிலியா. அவள் குரல் அவளுக்கே யாரோ பேசுவதுபோல் கேட்டது.

"சின்னப் பிள்ளன்னா பொய் சொல்லலாமா? உங்க பேச்சக் கேட்டுத்தான நான் மழையில மலையேறுறேன். நீங்களா அப்படிச் செய்வீங்க? கேளுடி மன்னிப்பு."

நிக்தே நிமிர்ந்து ஒதிலியாவின் முகத்தையே பார்த்தாள். டீச்சர் இப்போது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தாள். அது தெளிவாகத் தெரிந்தது. ஒதிலியா வாயைத் திறக்கவில்லை. பிள்ளையின் கண் தரைக்குப் போயிற்று.

"மன்னிச்சுக்கோங்க டீச்சர்."

ஒதிலியா அவள் தலையில் கை வைத்தாள். "பரவாயில்லம்மா" என்றாள். பஸ்குவாலா துண்டில் முடிந்து கொண்டுவந்த முட்டைகளை நீட்டினாள். அதையும் வாங்கிக்கொண்டாள்.

இரவு லாசரோ முட்டையைத் தக்காளியோடு பொரித்தான். "கரு என்னமா மஞ்சளா இருக்கு. யாரு குடுத்தா?" என்று கேட்டான். ஒரு பிள்ளையோட அம்மா என்றாள். அவளும் சாப்பிட்டாள். தொண்டையில் நிற்கும் என்று நினைத்தாள், நிற்கவில்லை. அதுவே பெரிய வெட்கமாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் நிக்தேவுக்குப் பொய்க்காரி என்று பெயர் விழுந்துவிட்டது. பாட்டில் அடைக்கிற நேரத்தில் ஒருத்தி, "உன் பாட்டில்ல என்னடி, பொய்யா அடைச்சிருக்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒதிலியா ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தாள். அதன்பின் நிக்தே பாட்டில் கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள்.

சனிக்கிழமை ஒதிலியா கோயிலுக்குப் போய், செய்ததைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். சாமியார் பொறுமையாகக் கேட்டு, கொஞ்சம் ஜெபம் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்தாள். ஆண்டவர் மன்னிப்பார், அவர் மனசு பெரிது. ஆனால் மில்லில் நிற்கிற பெண்களுக்கு நிக்தே இன்னும் பொய்க்காரிதானே? பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையைச் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்தவள் அவள். வாயைத் திறக்காமலும் பொய்ச்சாட்சி சொல்லலாம் என்பது மாதா சுரூபத்தின்முன் முழங்காலில் இருந்தபோதுதான் உறைத்தது.

எப்போதும் நாத்தனார்தான் அவள் வீட்டுச் சோளத்தை அரைத்து வருவாள். திங்கட்கிழமை விடிகாலை, சுண்ணாம்பு போட்டு அவித்த சோளத்தை ஒதிலியாவே தலையில் வைத்துக்கொண்டு மில்லுக்குப் போனாள். வரிசையில் பஸ்குவாலாவும் நிக்தேயும் நின்றார்கள்.

"என்ன டீச்சர், இன்னிக்கு மாவுக்குப் பரிச்சையா?" என்றாள் தோமாசா. வரிசையில் வாய் சும்மா இராதவள் அவள்.

"நிக்தே பொய் சொல்லல" என்றாள் ஒதிலியா.

மில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் கேட்கவில்லை. "என்னது?" என்று தோமாசா காதில் கை வைத்தாள். டீச்சர் ஏதோ முக்கியமாகச் சொல்கிறாள் என்று மில்காரர் மரியாதையாக மோட்டாரை நிறுத்தினார். அந்த அமைதியில், அத்தனை முகமும் திரும்பியிருக்க, இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

"நிக்தே சொன்னது நிஜம். நான் பைய வச்சுத்தான் அடுப்பு மூட்டினேன். பிள்ளைங்க கழுவி வச்ச பை."

தோமாசாதான் முதலில் சிரித்தாள். "அட, இதுக்கா மில்ல நிறுத்தினீங்க? மழைக்கு நாங்களும்தான் கொளுத்துறோம். உங்க தல தெரிஞ்சா கதவச் சாத்திக்குவோம், அவ்வளவுதான்." வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பாள். இந்தச் சிரிப்புக்கு முகத்தை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பஸ்குவாலா சிரிக்கவில்லை.

"நான் அடிச்சேன் டீச்சர்."

"தெரியும்க்கா."

"அவ மன்னிப்புக் கேட்டப்ப பாத்துக்கிட்டுதான நின்னீங்க. தலையில கைய வேற வச்சீங்க."

"ஆமாக்கா." ஒதிலியா நிக்தேயின் பக்கம் குனிந்தாள். "என்னை மன்னிச்சுக்கோ நிக்தே."

நிக்தே பாத்திரத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். "அந்த முட்டையெல்லாம் சாப்பிட்டுட்டீங்களா?"

"சாப்பிட்டுட்டேன்."

"அது என் கோழி போட்டது. அம்மா கோழி இல்ல."

மில் மறுபடி ஓடத் தொடங்கியது. ஒதிலியா வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள்.

அன்று வகுப்பில் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்டாள். "பைய எரிச்சா புகை எங்க போகும்?"

எப்போதும் கத்துகிற வகுப்பு இன்று கத்தவில்லை. செய்தி எல்லா வீட்டுக்கும் போயிருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு நிக்தேயின் கை எழுந்தது.

"டீச்சர் வீட்டுப் புகையுமா?"

"எங்க வீட்டுப் புகையும்" என்றாள் ஒதிலியா.

நிக்தே கையை இறக்கினாள். பிறகு, "நெஞ்சுக்குள்ள" என்று மெதுவாகச் சொன்னாள்.