ஆடாமல் வென்ற ஆட்டம்

பாரிசில் என்னைத் தோற்கடித்தவள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓர் உடற்கல்வி ஆசிரியை. கடைசி செட்டில் ஐந்துக்கு மூன்று என்று நான் முன்னுக்கு நின்றேன். இன்னும் ஒரு கேம் எடுத்தால் வெற்றி. அந்த ஒரு கேமை நான் எடுக்கவேயில்லை. என் பின்கை அடி பலவீனமானது என்று கண்டுபிடித்துவிட்டாள். பிறகு எல்லாப் பந்தும் அந்தப் பக்கம்தான். முடிந்ததும் வலைக்கு மேலால் கைகொடுத்து, "அக்கா, நல்லா விளையாடினீங்கள்" என்றாள். அதை அவள் மனதாரச் சொன்னதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது.

அது புலம்பெயர்ந்த தமிழர்களுக்கான ரெனிஸ் குழுப் போட்டி. லண்டன், பாரிஸ், ஒஸ்லோ, சூரிச், கனடா என்று அணிகள் வரும். யாழ்ப்பாணத்திலிருந்தும் ஓர் அணி வரும். ஆண்கள் ஒற்றையர், பெண்கள் ஒற்றையர், கலப்பு இரட்டையர் என்று மூன்று ஆட்டங்கள். இரண்டை வென்ற அணி அடுத்த சுற்றுக்குப் போகும். விளையாடுகிற எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். யாரும் இதைப் பத்திரிகையில் போடப் போவதில்லை. ஆனாலும் தோற்றுவிட்டு விமானம் ஏறுகிறபோது உலகக் கிண்ணத்தைப் பறிகொடுத்தவர்கள் மாதிரித்தான் எல்லாரும் இருப்போம்.

அடுத்த போட்டி நாங்கள் வசிக்கிற மொன்றியலில் என்று அறிவித்தபோது நான் துள்ளினேன். பகலில் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மருந்துக்கடையில் வேலை. வேலை முடிய டொலார்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து உள்ளரங்கக் கோர்ட்டுக்கு ஓடுவேன். துறைமுகத்திலிருந்து கொண்டெய்னர் லொறி ஓட்டுகிற என் கணவர் களைத்துப்போய் வந்து, ஒரு கூடை பந்தை வைத்துக்கொண்டு என் பின்கைப் பக்கமாக அடித்துத் தருவார். ரெனிஸ் அவருக்குப் பிடிக்காது.

"அந்தப் பிள்ளை உமக்கு என்ன கொடுமை செய்தது? இப்பிடிக் கறுவிக்கொண்டு திரியிறீர்" என்று கேட்பார்.

"வென்றவள். அது போதாதே?"

பனிக்காலம் முழுக்க அப்படித்தான் போனது. கோடையில் என் பின்கை அடி குறுக்காகப் பறந்து கோட்டின் மூலையில் விழத் தொடங்கியது. நானே நம்பவில்லை.

போட்டிக்கு முதல் நாள், மண்டபத்தில் எல்லா அணிகளும் கூடின. போட்டியை நடத்துகிற செயலாளர் ரொறன்ரோக்காரர். கனடா அணியைத் தெரிவுசெய்கிறவரும் அவர்தான். மொன்றியலிலிருந்து என்னை மட்டும் எடுத்திருந்தார். அதையும் ஒரு தானம் மாதிரி நாலு பேருக்கு முன்னால் சொல்லிக்காட்டுவார். அன்று மேடையில் எங்கள் தமிழீழக் கொடியைக் கட்டி வைத்து, ஒவ்வொரு அணியும் அதன் முன்னால் நின்று படம் எடுக்கவேண்டும் என்றார்.

பாரிசில் என்னைத் தோற்கடித்தவள்தான் யாழ்ப்பாண அணியின் தலைவி. அவரிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "அண்ணை, நாங்கள் மரியாதையா எழும்பி நிற்பம். எங்கட படத்தை மட்டும் வெளியில வைச்சு எடுங்கோ. நான் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன். பேஸ்புக்கில வந்தால் போய்ப் பதில் சொல்லவேணும்."

"அப்ப உங்கட சேட்டில சிங்கக்கொடி இருக்கலாமோ?" என்று செயலாளர் கேட்டார்.

அப்போதுதான் நான் அவளுடைய சட்டைக் கையைப் பார்த்தேன். அதில் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. காயத்துக்கு ஒட்டுகிற அதே பிளாஸ்டர். அவர்களுக்கு விசாவுக்குக் கடிதம் கொடுத்த கொழும்பு ரெனிஸ் சங்கம் இலங்கைக் கொடி போட்ட சீருடையைத்தான் கொடுத்திருந்தது. வேறு உடுப்பில் விளையாடக்கூடாது என்றும் சொல்லியிருந்தது. வந்த இடத்தில் யாருக்கும் மனம் நோகக்கூடாது என்று இவர்களாகவே அதை மறைத்திருக்கிறார்கள்.

"நாங்கள் மூடித்தானே அண்ணை போட்டிருக்கிறம்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அன்றைக்கு அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் முதல் சுற்றில் அவள் ஒஸ்லோப் பெண்ணை வென்றாள். நான் சூரிச்சிலிருந்து வந்தவளை வென்றேன். அரையிறுதி கனடாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் என்று வந்தது. நான் இத்தனை மாதம் காத்திருந்த ஆட்டம். ஆனால் பார்க்க வந்த யாரோ பிளாஸ்டர் ஒட்டிய கையைக் கிட்டவாகப் படம் எடுத்து, 'சிங்கத்துக்குக் காயம்' என்று பகிடியாக எழுதி இணையத்தில் போட்டுவிட்டார்கள். அது கொழும்புக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் வேண்டும்?

ஞாயிறு காலை கோர்ட்டடிக்கு வந்தபோது அவள் கையில் பிளாஸ்டர் இல்லை. முகம் வெளிறிப்போயிருந்தது.

"விடிய ரெலிபோன் எடுத்துப் பேசினவை அக்கா. கொடியை மறைச்சது ஆர் எண்டு கேட்டவை. கழட்டாட்டி விளையாடவேண்டாமாம்."

பின்னாலேயே செயலாளர் வந்தார். "கொடி தெரியிற சேட்டோட கோர்ட்டுக்குள்ள கால் வைக்கேலாது. லண்டன்காரர் பெட்டி கட்டிக்கொண்டு போயிடுவினம்."

அவர் அப்பால் போனதும் அவள் என்னிடம் கேட்டாள்: "அக்கா, இஞ்ச கிட்டடியில வெள்ளைச் சேட் வாங்கலாமோ? ஒண்டுமில்லாத வெறும் சேட். தோய்ச்சது காயேல்லை எண்டு அவைக்குச் சொல்லிச் சமாளிப்பன்."

எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. கணவரைக் கூப்பிட்டேன். அவர் காரை எடுத்துக்கொண்டு பறந்தார். நான் செயலாளரிடம் போய், சட்டை வருகிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

"விதி எண்டால் விதிதான் தங்கச்சி. குறிச்ச நேரத்துக்குக் கோர்ட்டில நிற்கவேணும்."

"நேற்று ரொறன்ரோவில இருந்து வந்த எங்கட ஆளுக்கு நீங்கள் அரை மணித்தியாலம் பொறுத்தனீங்கள்."

"அது ரபிக்."

கணவரும் ரபிக்கில்தான் மாட்டியிருந்தார். மொன்றியலில் கோடை என்றால் வீதியெல்லாம் செம்மஞ்சள் கூம்புகள்தானே. ஒரு பாதையை அடைத்து, மற்றப் பாதையைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள் என்று அழைத்துச் சொன்னார். சட்டைகள் கையில் இருக்கின்றன, வந்துகொண்டிருக்கிறேன் என்றார்.

நான் கோர்ட்டுக்குள் போய் அடிக்கோட்டில் நின்றேன். எதிரே யாருமில்லை. கம்பி வேலிக்கு வெளியே அவள் ரக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வீதியைப் பார்த்தபடி நின்றாள். ஒலிபெருக்கியில் செயலாளரின் குரல் கேட்டது.

"யாழ்ப்பாண அணியினர் எங்கள் கொடியை மதிக்க மறுத்து விலகிக்கொண்டதால், கனடா அணி மூன்றுக்குப் பூச்சியம் என்ற கணக்கில் வெற்றி பெற்றதாக அறிவிக்கிறோம்."

சனம் கைதட்டியது. ஒரு பந்துகூட அடிக்காமல் வென்ற எனக்கும் சேர்த்துத்தான் தட்டியது. அவள் மறுத்தாளா? விலகினாளா? வேலிக்கு வெளியே நின்ற அவளுக்கும் அது கேட்டது. பெண்கள் இருவர் அவளைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் தலை குனியவில்லை. தன் அணியைக் கூட்டிக்கொண்டு வாகனத் தரிப்பிடத்துக்கு நடந்தாள். கைதட்டல் அடங்க முதலே கணவர் சட்டைகள் இருந்த பையோடு ஓடி வந்தார்.

நான் செயலாளரிடம் போய்க் கத்தினேன். அப்படி ஒரு சபையில் நான் அதற்கு முன் கத்தியதில்லை. "நீங்கள் ஏன் அண்ணை பொய் சொன்னீங்கள்? அவை விளையாடத்தானே நிண்டவை!"

"நீர் வென்றிட்டீர். பேந்தென்ன?" என்றார். அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

மதியம் லண்டனோடு இறுதியாட்டம். நான் விளையாடாமல் விட்டிருக்கலாம். ஆனால் இரட்டையரில் என்னோடு ஆடுகிறவர் பாவம், லீவு போட்டு வந்தவர். ஆடினேன், படுமோசமாகத் தோற்றேன். பனிக்காலம் முழுக்கப் பழகிய பின்கை அடி ஒன்றுகூடச் சரியாக விழவில்லை. கோபத்தோடு ரெனிஸ் ஆட முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

மறுநாள் காலை அந்தச் சட்டைகளை எடுத்துக்கொண்டு, கணவரோடு அவள் தங்கியிருந்த மோட்டலுக்குப் போனேன். மதியத்துக்குப் பிறகுதான் அவர்களுக்கு விமானம். "வாரும், ஒரு செட் போடுவம்" என்றேன். அவள் யோசிக்கவேயில்லை. காற்சட்டையையும் கணவர் வாங்கிய வெள்ளைச் சட்டையையும் மாட்டிக்கொண்டு வந்தாள். டொலார்டில் நகரசபைப் பூங்காக் கோர்ட் ஒன்று வெறுமையாகக் கிடந்தது.

அந்தச் செட்டைப் போல நான் வாழ்க்கையில் ஆடியதில்லை. என் பின்கைப் பக்கம் முதல் பந்தை அடித்தாள். நான் குறுக்கே விட்டேன். அவள் அசையாமல் நின்று பார்த்துவிட்டு, "ஓ, வேலை செய்திருக்கிறியள்" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் இரக்கமில்லை. கோட்டில் விழுந்ததா இல்லையா என்று சண்டைகூடப் பிடித்தோம். கணவர் கோர்ட் ஓரத்து வாங்கில் உட்கார்ந்துகொண்டு, யாருடைய பக்கம் என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் கைதட்டினார்.

நாலுக்கு நாலு. அவளுடைய சேர்வ். அப்போது வயதான தம்பதி ஒன்று கதவைத் திறந்துகொண்டு வந்து, "பொன்ஜூர்" என்றது. அந்த நேரத்துக்குக் கோர்ட்டை அவர்கள் பதிவு செய்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கெஞ்சினேன். இரண்டே கேம், தயவுசெய்து என்றேன். அந்த மனுசி சிரித்த முகத்தோடு கைத்தொலைபேசியைக் காட்டினாள். அவர்கள் பக்கம்தான் நியாயம். மற்றக் கோர்ட்டுகளும் அதற்குள் நிறைந்துவிட்டன. அவளுடைய வாகனமும் வந்துவிட்டது. அங்கேயே கைகொடுத்துப் பிரிந்தோம்.

நாங்கள் ஆடியதை யாரோ வீதியிலிருந்து படம் எடுத்திருக்கிறார்கள். ஒரு கிழமைக்குள் அது ரொறன்ரோவுக்கும் போனது, கொழும்புக்கும் போனது. செயலாளர் என்னை அழைத்து, அடுத்த முறை புது ஆட்களுக்கு இடம் கொடுப்பதாகக் குழு முடிவெடுத்திருக்கிறது என்றார். கொடியை அவமதித்தவளோடு போய் விளையாடியதற்கா என்று கேட்டேன். அப்படி யாரும் எழுதவில்லையே என்றார்.

பிறகு அவளும் ஒருநாள் கதைத்தாள்.

"அக்கா, என்னையும் நிப்பாட்டிப்போட்டினம். கொடியை மறைச்சதுக்கும், விளையாடாமல் வந்ததுக்கும் சேர்த்து. உங்கட இடத்தில ஆரைப் போட்டிருக்கினம்?"

"ரொறன்ரோவில ஒரு டொக்டரின்ர மனுசியை."

"நல்லா விளையாடுவாவோ?"

"சேர்வ் போடத் தெரியாது."

அவள் சிரித்தாள், நெடுநேரம். எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.