அசனப் பந்தியும் அடிபம்பும்

அப்பா ஆண்டவரிடம் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு உறவினர்கள் எழுதித் தந்ததையெல்லாம் நான்தான் படித்து அச்சுக்குக் கொடுத்தேன். எல்லோரும் அப்பாவின் தாழ்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள். பஞ்சாயத்துத் தலைவராக இருந்தும் சபையின் அசன விருந்தில் சாம்பார் வாளியோடு ஓடி ஓடிப் பரிமாறினார்கள் என்று. உண்மைதான். ஆனால் மூத்த மகளான எனக்கு அதோடு நிறுத்த மனம் வரவில்லை.

அப்பா பிறந்தது விளாத்திகுளத்துக்குத் தெற்கே, நம் கரிசல் ஊரில்தான். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, மானாவாரிக் காட்டில் பருத்தியும் மிளகாயும் போட்டு இரண்டு தங்கைகளைக் கரையேற்றினார்கள். எண்பத்தாறில் தேர்தல் வந்தபோது எல்லாத் தெருக்காரர்களும் சேர்ந்து அப்பாவைத் தலைவராக்கினார்கள். கேட்டது ஒன்றே ஒன்று: குடிதண்ணீருக்கு ஓர் அடிபம்பு. ஊர்க் கிணறு வாயில் வைக்க முடியாத உப்பு. ஊருணி வற்றினால் பெண்கள் குடத்தோடு அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அசனத்தன்று வாளியைக் கையில் எடுத்த மூப்பர், கடைசிப் பந்தி எழும்வரை அதைக் கீழே வைக்கமாட்டார். அப்பா மூப்பராகவும் இருந்தார்கள். அந்த வருஷ அசனத்தில் அவர்கள் வாளியோடு நின்ற நேரம் பார்த்து, அடிபம்புக்குப் போர் போட இடம் குறிக்க யூனியன் ஆபீசிலிருந்து அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். டிரைவர் பந்திக்குள் ஓடி வந்தார்.

"தலைவரே, ஐயா காத்துக்கிட்டு இருக்காவ. வந்து எடத்தக் காட்டுங்க."

"இன்னும் ரெண்டு பந்தி இருக்கு. ஐயாவையும் சாப்பிட வரச் சொல்லுங்க. செத்த நேரத்துல வந்துருதேன்."

அதிகாரிக்கு அது அவமானமாகப் பட்டிருக்கிறது. ஜீப் திரும்பிப் போனது, போர் லாரி வேறு ஊருக்குப் போனது. அந்தக் கோடை முழுக்கப் பெண்கள் நடந்தார்கள். கீழத்தெரு அக்கா ஒருத்தி குடத்தோடு எங்கள் வாசலில் நின்று கேட்டாள்: "அண்ணாச்சி, ஒங்க சாம்பாரு நல்லாத்தான் இருந்துச்சு. குடிக்கத் தண்ணிக்கு எங்க போவ?"

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினார்கள்.

"வாளி தூக்குனா சபையே பாக்குது. ஆபீஸ் வாசல்ல போய் நின்னா எவன் பாக்கப் போறான்? அதான் ஒங்களுக்கு இங்கன நிக்கது இனிக்குது."

ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவியது பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டு வளர்ந்தவள் நான். எதுவும் என்னை இப்படிக் குத்தியதில்லை. அப்பாவையும் குத்தியிருக்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமை விளாத்திகுளம் பஸ் ஏறினார்கள். அதிகாரி பார்க்க மறுத்தார். மறுவாரமும் போனார்கள். கடைசியில் வராந்தாவில் வைத்தே சொன்னார்களாம்: "தப்பு எம்மேலதான் ஐயா. ஊரு என்ன செஞ்சுது?" அதற்கும் உடனே பலன் கிடைத்துவிடவில்லை. எங்கள் காடு உழாமல் கிடந்தது. நெஞ்சுவலியை மறைத்துக்கொண்டு அலைந்தார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, இப்போதும் வருகிறது.

ஒரு வழியாக லாரி வந்தது. எல்லாத் தெருவும் வந்து பிடிக்கும்படி பொது இடத்தில் போர் போட்டார்கள், நல்ல தண்ணீர் கிடைத்தது. அடுத்த மழைக்குள் அப்பா படுத்துவிட்டார்கள், பிறகு எழும்பவில்லை.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சம்மாக்களுக்கும், அடக்க ஆராதனையை நடத்திய சபைப் போதகர் ஐயரவர்களுக்கும், பெட்டியைச் சுமந்த எல்லாத் தெரு இளைஞர்களுக்கும், அப்பாவை முகத்துக்கு நேரே கேள்வி கேட்ட பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொன்று. அடிபம்பு இப்போது பழுதாகிக் கிடக்கிறது. எழுதிப் போட்ட மனுவுக்குப் பதில் இல்லை. நினைவுக் கூட்டம் முடிந்த மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நான் யூனியன் ஆபீசுக்குப் போகிறேன். அப்பாவின் தாழ்மையைப் பற்றி இன்னும் பேச வேண்டும் என்பவர்கள் கூடவே பஸ் ஏறி, பேசிக்கொண்டே வரலாம்.