அங்கிள் முதலில் சாப்பிடுவதில்லை

கொட்டாஞ்சேனையில் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் நான் ஓட்டும் வேனில் ஏறமாட்டார்கள். ஓட்டுவதில் குறை இல்லை, வாயைத்தான் தாங்க முடியாது என்பார்கள். அதனால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு நாட்டைச் சுற்றிக் காட்டுவது எனக்குப் பொருத்தமான தொழிலாக அமைந்தது. என் வாயைப் பற்றி அவர்களுக்குத் தெரியவருவதற்குள் கண்டி வந்துவிடும். அங்கே இறங்கி எங்கே போவார்கள்?

ஓ.எல். பரீட்சையோடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். வழிகாட்டி என்று சொல்லிக்கொள்ள அனுமதிப்பத்திரம் வேண்டும். அது என்னிடம் இல்லை. ஆகவே நான் வெறும் டிரைவர். நீர்வீழ்ச்சியைக் காட்டி ஒரு கதை சொன்னால் அது டிரைவரின் சொந்தக் கருத்து. என் சொந்தக் கருத்துப்படி இந்த நாட்டின் எல்லா நீர்வீழ்ச்சிகளிலும் யாரோ ஒரு இளவரசி குதித்திருக்கிறாள். கேட்பவர்களின் முகத்தில் சோகம் வரும். பிறகு படம் எடுப்பார்கள்.

இதுவும் அப்படி ஒரு பயணம்தான் என்று நினைத்து, வெள்ளவத்தையில் கடலோரத்து ஃபிளாட் ஒன்றின் கீழே வேனை நிறுத்தினேன். என்னோடு போனில் பேசியது கனடாவிலிருந்து இரண்டு கிழமை லீவில் வந்திருந்த ஒரு அக்கா. அவரோடு, அந்த ஃபிளாட்டில் தனியாக இருக்கும் அப்பா மட்டும். மெலிந்த மனிதர். சட்டைக் கொலருக்குள் இன்னொரு கழுத்துக்கும் இடம் இருந்தது. நான் மரியாதைக்கு "ஐயா" என்றேன்.

"ஐயா எண்டு கூப்பிடாதையும். பாங்கில இருந்த காலம் முழுக்க அதைக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு."

அங்கிள் ஆனார்.

தண்ணீர்ப் போத்தலை மறந்துவிட்டு அவர் லிஃப்டில் மேலே போன நேரத்தில் அக்கா விஷயத்தைச் சொன்னார். "அப்பாவுக்கு வாயில கான்சர் வந்தது. கரண்ட் பிடிச்சு, ரேடியேஷன்தான், அது சுகமாயிட்டுது. ஆனா நாக்கில ருசி இல்லை. ஒரு வருசமாச்சு. ருசி இல்லாததால சாப்பிடுறேல்லை. இப்பிடியே மெலிஞ்சுகொண்டு போனா வயித்தில குழாய் வைக்கத்தான் வேணும் எண்டு டொக்டர் சொல்லீட்டார். அப்பா மாட்டன் எண்டு நிக்கிறார்."

"ருசி இனி வராதாமா அக்கா?"

"சிலருக்கு வரும், சிலருக்கு வராது எண்டார்."

சிலருக்கு வரும் என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு அக்கா பிளேன் ஏறியிருந்தார். பாங்கில் அப்பாவை ஊர் ஊராக மாற்றியிருக்கிறார்கள். நுவரெலியா, பதுளை, மட்டக்களப்பு, திருகோணமலை, யாழ்ப்பாணம். ஒவ்வொரு ஊர்ச் சாப்பாட்டைப் பற்றியும் அவர் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை இந்த அக்கா. அந்த ஊர்களுக்கெல்லாம் கொண்டுபோய் அந்தந்த ஊர்ச் சாப்பாட்டை அவர் வாயில் வைத்துப் பார்ப்பது என்று முடிவு. ஏதாவது ஒரு இடத்தில் நாக்குக்கு ஞாபகம் வரும் என்று நம்பினார்.

"அக்கா, நான் ஆக்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கன். நாக்கு ஒண்டைச் சுத்திக் காட்டக் கூட்டிக்கொண்டு போறது இதுதான் முதல் தரம்."

அவர் சிரிக்கவில்லை. அங்கிள் போத்தலோடு வந்து ஏறினார். அதற்குப் பிறகு அந்தப் போத்தலை அவர் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. வாயில் எச்சில் ஊறாது. பேசுவதற்கும் ஒரு மிடறு தண்ணீர் வேண்டும்.

கண்டி வீதியில் முதல் நிறுத்தம் அன்னாசி. துண்டு போட்டு மிளகாய்த்தூளும் உப்பும் தூவிக் கொடுப்பார்கள். அவருக்கு உறைப்புப் பட்டால் வாய் எரியும் என்று அக்கா தூள் இல்லாமல் வாங்கினார். அங்கிள் மென்றார். "பஞ்சைச் சப்பின மாதிரிக் கிடக்கு" என்று சொல்லி மிச்சத்தை என்னிடம் தந்தார். மாவனல்லையில் வாழைப்பழம், அது ஈரப் பஞ்சு. கண்டியில் அப்பம், திரும்பவும் பஞ்சு.

கண்டி ஹோட்டலில் ஒரு விஷயம் நடந்தது. இந்த மாதிரி ஹோட்டல்களில் டிரைவர்களுக்குப் பின்பக்கம் தனி அறை உண்டு. சோறும் பருப்பும் நேற்றைய மீனும் அங்கே வரும். நான் அந்தப் பக்கம் நடக்க, அங்கிள் கூப்பிட்டார்.

"எங்க போறீர்? இதில இரும்."

"எங்களுக்கு அங்க வேற ரூம் இருக்கு அங்கிள்."

"இரும் எண்டால் இரும். நீர் தொடங்கும், நாங்கள் பிறகு."

அன்றிலிருந்து எந்த ஊரானாலும் நான் அவருக்கு நேரே உட்கார வேண்டும், முதல் வாய் எனக்கு. பெரிய மனது என்று நினைத்தேன். கொட்டாஞ்சேனையில் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று மேசையோடு சேர்த்து என்னைப் படமும் எடுத்துக்கொண்டேன்.

நுவரெலியாவில் பனி இறங்கி வீதி தெரியவில்லை. தோட்டம் ஒன்றில் ஸ்ட்ரோபெரி வாங்கினோம். வழக்கம்போல நான் முதலில் ஒன்றைப் போட்டேன். பழுக்காத காய், ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. பிறகு அங்கிள் ஒன்றைப் போட்டு மெல்ல மென்றார்.

"புளிக்குது."

அக்கா கையில் இருந்த பெட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "என்னப்பா?"

"புளிக்குது பிள்ளை. நல்லாப் புளிக்குது."

அக்கா லீக்ஸ் பாத்திகளுக்கு நடுவே கொஞ்சத் தூரம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. எனக்கும் ஏதோ நான்தான் வைத்தியம் பார்த்த மாதிரி ஒரு பெருமை.

அதற்குப் பிறகு எல்லாம் ஏறுமுகம். பதுளையில் தோட்ட வீடொன்றில் சுடச்சுட ரொட்டி. "தேங்காப்பூ இனிக்குது" என்றார். பாதி ரொட்டி சாப்பிட்டார். அக்கா அதைப் படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்பினார். பாதி ரொட்டியைப் படம் எடுத்து அனுப்புகிற குடும்பம் ஒன்றை நான் அங்கேதான் பார்த்தேன்.

அங்கிளும் நானும் அதற்குள் கூட்டாளியாகிவிட்டோம். "உம்மட தமிழ் எந்த ஊர்த் தமிழ்?" என்று கேட்பார்.

"கொட்டாஞ்சேனை அங்கிள். பஸ் ஏறி வந்த எல்லாத் தமிழும் அங்கதான் இறங்கும்."

பதுளையில் அங்கிள் வேன் சாவியைத் தன் சட்டைப் பைக்குள் ஒளித்துவிட்டு, நான் புல்லுக்குள்ளும் குப்பை வாளிக்குள்ளும் தேடுவதைக் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தார். "கொட்டாஞ்சேனை ஆக்கள் திறப்புத் தேடுற வடிவே தனி" என்றார். அக்கா வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இதற்குப் பதில் வைக்காமல் விட்டால் நான் நானில்லை. மட்டக்களப்புக்கு இறங்கும் வழியில் ஒரு தேத்தண்ணிக் கடை. அக்கா பின்பக்கம் கை கழுவப் போயிருந்தார். அங்கிளின் பிளேன்டீயில் சீனிக்குப் பதிலாக இரண்டு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கி முன்னால் வைத்தேன். ஒரு வாய் குடித்தார்.

"நல்ல தேத்தண்ணி. சீனிதான் கொஞ்சம் கூடிப் போச்சு."

மனுசன் சளைக்கவில்லை, பகிடிக்குப் பகிடி விடுகிறார் என்று விழுந்து சிரித்தேன். அவரும் சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் இன்னொரு வாய் குடித்தார். கிளாஸ் பாதிக்குக் கீழே போனது.

என் சிரிப்பு நின்றதைப் பார்த்துக் கிளாஸை வைத்தார். "என்ன போட்டனீர்?"

"உப்பு அங்கிள்."

கடையின் பின்பக்கத்தைப் பார்த்தார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "அவளுக்குச் சொல்லாதையும்."

"அப்ப ஸ்ட்ரோபெரி?"

"உம்மட ஒரு கண் மூடினது."

"ரொட்டி?"

"நீர் மூண்டாவதை எடுத்தனீர். நல்லாத்தானே இருந்திருக்கும்."

டிரைவருக்கு மேசையில் இடம் கிடைத்த காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. எல்லோருக்கும் முகம் இருக்கிறது. என்னுடையதைத்தான் அவருக்கு வாசிக்க முடிந்தது. ஒன்றையும் மறைக்கத் தெரியாத முகம்.

"ஏன் அங்கிள் இப்பிடி?"

"ரெண்டு கிழமைக்குத்தான் வந்தவள். போகேக்க அழாமல் போகட்டும்." ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். "நீர் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாமல் ஒரு நாளாவது இருந்திருக்கிறீரோ?"

"இல்லை அங்கிள்."

"பழகும்."

பழகினேன். மட்டக்களப்பில் சட்டித் தயிர் வந்தபோது உதட்டை நக்கினேன். திருகோணமலையில் நண்டுக் காலை உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடினேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு அக்காவிடம் சொல்வார். கடற்கரையில் இஸ்ஸோ வடை, மாவு வடைக்கு மேல் இறால் ஒட்டிப் பொரித்தது, அதைத் தின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அக்கா அந்தப் பக்கம் திரும்பியதும் அங்கிள் மெதுவாகச் சொன்னார், "கூடுதலா நடிக்காதையும். வடை அவ்வளவு நல்லா இருக்காது."

சிரித்தேன்தான். ஆனால் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்க்கும்போது சிரிப்பு வரவில்லை. அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், சாப்பாட்டுக் கடையில் விழுங்காமல் கன்னத்துக்குள் அடக்கி வைத்திருந்ததை டிஷ்யூவில் துப்பிச் சட்டைப் பைக்குள் வைப்பார். பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை ஒன்று இருந்தது. பிறகு இன்னொன்றும் வந்தது.

யாழ்ப்பாணத்தில் மீனும் நண்டும் மிளகாயும் போட்டுக் காய்ச்சிய கூழ். அக்கா எதிர்பார்த்திருந்தது அதைத்தான். உறைப்பு வேண்டாம் என்று சொல்லியும் சமைத்தவர்களுக்குக் கை கேட்கவில்லை. ஒரு வாய் போனதும் அங்கிள் இருமினார், கண்ணால் தண்ணீர் ஓடியது, போத்தலை அப்படியே கவிழ்த்துக் குடித்தார். வாயெல்லாம் வெந்திருக்கும்.

"உறைக்குதா அப்பா?" என்று கேட்ட அக்காவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"உறைக்குது."

அந்தப் பயணம் முழுவதிலும் அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மையான ருசி அதுதான்.

திரும்பி வரும்போது அனுராதபுரம், புத்தளம் எல்லாம் கடந்து வத்தளை நெரிசலுக்குள் ஊர்ந்தோம். அக்கா பின்னாலிருந்து போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தார். "குழாய் இப்போதைக்கு வேண்டாம் எண்டு டொக்டருக்குச் சொல்லீட்டன். அப்பா சாப்பிடுறார்." கண்ணாடியில் அங்கிள் என்னைப் பார்த்தார். நான் முன்னால் போன பஸ்ஸைப் பார்த்தேன்.

பிளேன் ஏறுவதற்கு முதல் நாள் அக்கா தன் கையால் சமைத்து என்னையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். ஹோலில் சூட்கேஸ் வாயைத் திறந்து கிடந்தது. அக்காவின் விரலில் பிளாஸ்டர், தலை கலைந்திருந்தது. சோறு, பாரை மீன் குழம்பு, முருங்கைக்காய். காலையிலிருந்து பெட்டி கட்டுவதும் அடுப்புமாக ஓடியிருக்கிறார்.

"நீர் தொடங்கும் தம்பி" என்றார் அங்கிள்.

குழைத்து வாயில் வைத்தேன். குழம்பில் உப்பு இல்லை. குறைவு என்று சொல்ல முடியாது, போடவே இல்லை. வேறு நாளாக இருந்தால், 'அக்கா, கனடாவில உப்புக்கும் டாக்ஸா?' என்று கேட்டிருப்பேன். அது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அக்காவின் பிளாஸ்டர் விரலைப் பார்த்தேன். நாளைக்குப் போகிற பிள்ளை, ஒரு சாப்பாட்டை விட்டுவிடுவோம் என்று நினைத்தேன். முகத்தில் ஒன்றையும் காட்டாமல் விழுங்கினேன்.

அங்கிள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானும் ஒரு வாய் வைத்தார், மென்றார், தண்ணீர் குடித்தார்.

"உப்பு கணக்கா இருக்கு பிள்ளை. அம்மாட கை மாதிரி."

அக்கா சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, சோற்றைக் குழைத்து வாயில் வைத்தார். கை தட்டில் நின்றுவிட்டது. சட்டியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். நான் மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அங்கிளும் என் பக்கம் திரும்பினார், என்ன நடந்தது என்று என் முகத்தில் தேடினார். கொடுக்க என்னிடம் எந்த முகமும் இருக்கவில்லை.

குசினிக்குள் அடுப்புக்கு மேல் தட்டில் உப்புப் போத்தல் தெரிந்தது. எடுத்து வர ஒருவரும் எழும்பவில்லை. கீழே கரையோர ரயில் போனது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"இன்னும் கொஞ்சம் போடவா அப்பா?"

"போடு."

போட்டார். மூன்று பேரும் சாப்பிட்டு முடித்தோம்.

மறுநாள் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு அக்காவை மட்டும் ஏற்றிக்கொண்டு போனேன். பாதி வழியில், "எங்க இருந்து?" என்று மட்டும் கேட்டார்.

"ஸ்ட்ரோபெரியில இருந்து அக்கா."

தலையாட்டினார். போனை எடுத்து டொக்டரின் நம்பரைத் தேடினார். குழாயைப் பற்றித் திரும்பவும் கதைக்க வேண்டும் என்று சொன்னது காதில் விழுந்தது. இறங்கும்போது அழவில்லை. அங்கிள் கேட்டது அது ஒன்றுதான், அது மட்டும் கிடைத்தது.

"ஞாயிற்றுக்கிழமையில போய் அவரோட இருந்து சாப்பிடுவீங்களா?"

"அவர் சாப்பிடமாட்டார் அக்கா."

"தெரியும். நீங்க சாப்பிடுங்க. அவர் பாக்கட்டும்."

குழாய் வைத்துவிட்டார்கள். மாட்டேன் என்று நின்றவர் அன்றைக்கு வாயே திறக்கவில்லையாம். ஓட்டம் இல்லாத ஞாயிறுகளில் கொத்துரொட்டியோ புரியாணியோ கட்டிக்கொண்டு போகிறேன். பக்கத்து ஃபிளாட் ஆன்ட்டி குழாயில் பால் ஊற்றுவார். நான் அவருக்கு நேரே உட்கார்ந்து சாப்பிடுவேன். புளித்தால் கண்ணை மூடுகிறேன், உறைத்தால் ஊதுகிறேன், நன்றாக இருந்தால் தலையை ஆட்டுகிறேன். தொடக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் கதிரையை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டுக் கடலைப் பார்க்கிறார்.