கடலைப் பார்த்துச் சாப்பிட ஓர் இடம்

“ஏம்மா, அந்த ஓட்டல்ல நீ ஒரு தடவையாவது சாப்பிட்டிருக்கியா?”

மலையாளக் கரையில் உள்ள கோவளத்தில் நான் வேலை பார்க்கும் சிறிய விடுதியின் வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்று ஒரு பெரியவர் இப்படிக் கேட்டார். குரலில் கோபம் இல்லை. நகரத்துக் கிழக்கேகோட்டைக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலத்தான் கேட்டார்.

“சாப்பிட்டிருக்கேன் சார். ரெண்டு தடவை.”

அது பொய். அந்த ஓட்டலின் வாசலைக்கூட நான் பார்த்ததில்லை.

முந்தைய நாள் சாயங்காலம் அவரும் அவர் மனைவியும் மதுரையிலிருந்து வந்து இறங்கியிருந்தார்கள். குளித்து உடை மாற்றிக்கொண்டு கீழே வந்து, கடல் தெரிகிற மாதிரி, நடந்து போகிற தூரத்தில், நல்ல சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்று கேட்டார்கள். எனக்குப் பிடித்த கேள்வி அது. மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தேன். பக்கத்திலுள்ள பன்னிரண்டு ஓட்டல்களின் பட்டியல் அதில் இருந்தது. போனில் ஊர் உலகத்துக்காரர்கள் எழுதியிருந்ததையெல்லாம் படித்து, நானே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது. எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர்கள் யாரும் அப்படி ஒன்று செய்ததில்லை. பட்டியலில் முதலாவதாக இருந்தது, குன்றின் உச்சியில் இருக்கும் ஓட்டல்.

“சூரியன் கடல்ல எறங்கறது அங்கேருந்து பாத்தா அப்படியே தெரியும் சார். எல்லாமே நல்லா இருக்கும். கொஞ்சம் படி ஏறணும், அவ்வளவுதான்.”

கொஞ்சம் என்று நான் சொன்னதை அவர்கள் நம்பினார்கள். நானும் நம்பித்தான் சொன்னேன். நான் பிறந்து வளர்ந்தது போனக்காடு என்ற மலையூரில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில். பள்ளிக்கூடத்துப் பஸ் பிடிக்க முக்கால் மணி நேரம் இறங்கி, சாயங்காலம் அதே பாதையில் ஏறி வருவோம். வழி கேட்டு யாராவது வந்தால் “இதோ, இந்த வளைவு தாண்டினா வந்துரும்” என்போம். அந்த வளைவுக்குப் பின்னால் இன்னும் நான்கு வளைவு இருக்கும். அதையெல்லாம் நாங்கள் தூரமாக நினைத்ததில்லை.

பெரியவரின் மனைவியால் பாதிப் படிக்குமேல் ஏற முடியவில்லையாம். கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டாராம். மேலும் போக முடியாமல், திரும்பி இறங்கவும் பயந்து, இருட்டும்வரை ஒரு படியில் உட்கார்ந்திருந்துவிட்டு, மேலேயிருந்து வந்த யாரோ இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவர இறங்கியிருக்கிறார்கள். அறைக்கு வந்து, பையிலிருந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்திருக்கிறார்கள். இதையெல்லாம் பெரியவர் காலையில் நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் சொன்ன பதிலுக்கு அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு சொன்னார்: “நாளைக்கு எங்களுக்குக் கல்யாணமாகி நாப்பது வருஷம். கடலப் பாத்துக்கிட்டு ஒரு வேளை உக்காந்து சாப்பிடணும்னு இவளுக்கு ரொம்ப நாள் ஆசை. திங்கக்கிழமை காலையில ரயில். இந்தத் தடவையாவது ஏத்த எறக்கம் இல்லாத இடமாப் பாத்துச் சொல்லும்மா.”

அவர் போனபிறகு பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பன்னிரண்டு இடங்களில் எதற்கு எத்தனை படி, எதன் வாசலில் ஆட்டோ நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டில் ஒன்றில்கூட நான் சாப்பிட்டதில்லை.

ஏன் பொய் சொன்னேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் எழுத்துப் படித்தவள் நான். பத்து வயதிலேயே அந்த வரிசை வீடுகளுக்கு வரும் கடிதமும் நோட்டீசும் என் கைக்குத்தான் வரும். மருந்துப் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது, ஆஸ்பத்திரியில் எந்த வரிசையில் நிற்க வேண்டும், ரேஷன் கார்டில் பெயரை எப்படித் திருத்துவது, எல்லாவற்றுக்கும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். தெரியாவிட்டாலும் ஏதாவது சொல்வேன். பெரும்பாலும் அது சரியாகவே இருந்துவிடும். அப்படியே வளர்ந்துவிட்டேன். தெரியாது என்ற சொல் எனக்கு வாயில் வருவதில்லை.

அன்று மூன்று மணிக்கே அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பினேன். மனதில் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் குன்றின் மேல் ஓட்டலுக்கு முதலில் போய்ச் சாப்பிட்டுவிட வேண்டும். சாப்பிட்டுவிட்டால் நான் சொன்னது முழுப் பொய்யாக இருக்காது. அதற்குப்பிறகு அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்க்க முடியும். தனியாகப் போய் ஒரு மேசையில் உட்கார எனக்குக் கூச்சமாக இருந்ததால் வீட்டுக்குப் போய் அம்மாவை அழைத்தேன். கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடையில் கூட்டிப் பெருக்கும் வேலை அம்மாவுக்கு. அன்று அவளுக்கு விடுமுறை.

“சோறு வடிச்சு வெச்சிருக்கேன். இப்ப எதுக்கு ஓட்டலு?”

“வேலை விஷயமாம்மா. எந்த ஓட்டல் நல்லா இருக்குன்னு பாக்கணும்.”

“சாப்பிடறது ஒரு வேலையா? அப்படின்னா நானும் படிச்சிருப்பேனே,” என்றாள். ஆனாலும் பெட்டியிலிருந்து நீலச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

குன்றுக்கு ஏறும் படிகளின் இருபுறமும் கடைகள். பத்துப் பதினைந்து படி ஏறியதும் அம்மா ஒரு சங்குக் கடை முன்னால் நின்றாள். ஒவ்வொரு சங்காக எடுத்துப் பார்த்தாள். கொஞ்ச தூரம் போனதும் ஒரு சால்வைக் கடை. அங்கேயும் நின்றாள். அந்த வெயிலில் சால்வையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, வாங்கப் போறியா?”

“பாத்தா என்ன? பாக்கறதுக்குமா பில்லு போடுவான்?”

எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் முன்னால் ஏறிப் போனேன். ஒரு திருப்பத்தில் நின்று திரும்பிப் பார்த்தபோது அம்மா கீழே நின்றுகொண்டிருந்தாள். அந்த இடத்தில் கடை எதுவும் இல்லை. ஒரு வெற்றுச் சுவர்தான். அதில் ஒரு கையை ஊன்றியிருந்தாள்.

“என்னம்மா, அங்க என்ன பாக்கற?”

“கடலப் பாக்கேன் புள்ள. எவ்வளவு பெருசு.”

கடல் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

நான் இறங்கி வந்தேன். அருகில் வந்தபோதுதான் மூச்சு வாங்குவது கேட்டது. மேலுதட்டில் வேர்வை. இன்னொரு கையால் முட்டியை அழுத்திக்கொண்டிருந்தாள்.

“எப்பருந்தும்மா?”

“எது?”

“முட்டி.”

“அது கெடக்கு. சாரமில்ல,” என்றாள். ஒன்றுமில்லை என்பதை இந்த ஊர்ப் பேச்சில் சொன்னாள். பதில் சொல்ல விருப்பமில்லாதபோது அம்மா மலையாளத்துக்குப் போய்விடுவாள்.

அங்கேயே ஒரு படியில் அவளை உட்காரவைத்து நானும் உட்கார்ந்தேன். ஒன்றொன்றாக எனக்குப் புரிய ஆரம்பித்தது. கிழக்கேகோட்டையில் பஸ் வந்தால் “கூட்டம் ஏறட்டும்” என்று கடைசியாக ஏறுவாள். அதை அவளுடைய பொறுமை என்று நினைத்திருந்தேன். கோவிலுக்குக் கூப்பிட்டால் “செருப்பப் பாத்துக்கறேன், நீ போயிட்டு வா” என்பாள். எங்கள் வாடகை வீட்டுக்கு ரோட்டிலிருந்து நாற்பத்திரண்டு படி. மாடியில் துணி காயப்போடும் இடத்திலிருந்து கடல் தெரியும் என்பதற்காக மூன்று வருடத்துக்கு முன்னால் நான் தேர்ந்தெடுத்த வீடு அது. வீட்டைப் பார்க்க வந்த அன்று அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு “காத்து நல்லா வரும்” என்றாள். இருபத்தைந்து வருடம் முதுகில் கூடையோடு சரிவில் நின்று கொழுந்து பறித்தவள். அவளால் ஏற முடியாத ஒரு மேடு இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நான்தான் வீட்டில் எல்லாம் தெரிந்தவள்.

மதுரை அம்மா உட்கார்ந்திருந்ததும் இந்தப் படிகளில்தான் என்று அம்மாவிடம் சொன்னேன்; அவருக்குப் படி ஏறாத இடமாகப் பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னேன். எந்தப் படி என்று தெரியவில்லை. நாங்கள் அதற்குமேல் போகவில்லை. திரும்பி இறங்கும்போது எண்ணிக்கொண்டே வந்தேன். அறுபத்து நான்கு. அது பாதி வழிகூட இல்லை.

இறங்குவது அம்மாவுக்கு இன்னும் கடினமாக இருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினாள். “ஏறறதுல மூச்சுதான் போவும். எறங்கறதுலதான் உசுரு போவுது,” என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“வீட்டுக்குப் போயிரலாம்மா.”

“அந்த அம்மாளுக்கு எடம் பாக்கணும்னியே? நான் நடக்கறேன். நின்னு நின்னு நடக்கறேன். நீ மின்னால ஓடாம வா.”

அதன்பிறகு நான் அவள் கூடவே நடந்தேன். அவள் நின்ற இடத்தில் நின்றேன். பட்டியலில் இரண்டாவதாக இருந்த ஓட்டல் கடற்கரையை ஒட்டியது. தரைமட்டத்தில் இருந்தது. ஆனால் ஆட்டோ மேலே ரோட்டிலேயே நின்றுவிடும், சரிவில் இறங்கித்தான் போக வேண்டும். அடுத்ததற்கு மணலைக் கடக்க வேண்டியிருந்தது. மணலில் கால் புதையப் புதைய அம்மாவின் முகம் மாறியது. இன்னொன்றில் பிரம்பு சோபா போட்டிருந்தார்கள். எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டு எழப்போனபோது அம்மாவால் எழ முடியவில்லை. நானும் பரிமாறுபவரும் ஆளுக்கொரு கை கொடுத்தோம். “உக்கார வெச்சுட்டு எந்திரிக்க விடாத எடம்,” என்றாள் அம்மா. வேறொன்றில் எல்லாம் சரியாக இருந்தது. கை கழுவும் இடம் மட்டும் நான்கு படி கீழே. இதையெல்லாம் போனில் யாரும் எழுதியிருக்கவில்லை. அவர்களுக்கும் என்னைப்போல நல்ல கால்கள் இருந்திருக்கும்.

கடைசியில் ஆட்டோ பிடித்து, பக்கத்து ஊரான விழிஞ்ஞத்துக்குப் போனோம். ஆட்டோக்காரர் ரோட்டோரத்தில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினார். அது என் பட்டியலில் இல்லை. வாசலும் ரோடும் ஒரே மட்டம். பின்பக்கம் திறந்த வராந்தாவில் நான்கு மேசை. கீழே மீன்பிடிப் படகுகள், அதற்கு அப்பால் கடல், தூரத்தில் புதுத் துறைமுகத்தின் கிரேன்கள். மர நாற்காலிகள் உயரமாக, கை வைத்தவையாக இருந்தன. அம்மா உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். தட்டு வைக்க வந்தவர் எங்களையே பார்த்தார்.

“நல்ல நாற்காலி மோனே,” என்றாள் அம்மா அவரிடம்.

அன்று நாங்கள் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டோம். ஒருவர் வந்து பரிமாற, அம்மா மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இரண்டாவது கரண்டிக்கே தட்டின்மேல் கையை வைத்து, போதும் என்பதை மலையாளத்தில் “மதி, மதி” என்றாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை கடல் அவளுக்கு நேர் எதிரே இருந்தது.

மறுநாள் காலை பெரியவர் கீழே வந்ததும் நானே எழுந்து நின்றேன்.

“சார், நேத்து நான் சொன்னது பொய். அந்த மேல் ஓட்டல்ல நான் சாப்பிட்டதே இல்ல.”

“தெரியும்மா,” என்றார்.

“எப்படித் தெரியும் சார்?”

“எல்லாமே நல்லா இருக்கும்னு சொன்ன. சாப்பிட்டவன் ஒண்ணையாவது கொறை சொல்லுவான்.”

நான் பட்டியலை ஓரமாகத் தள்ளினேன். பிறகு சொன்னேன்: “விழிஞ்ஞத்துல ஒரு கடை இருக்கு. மீன் குழம்புல காரம் ஜாஸ்தி. தண்ணி டம்ளர் ரொம்பச் சின்னது, கேட்டுக் கேட்டு வாங்கணும். சொவர் ஓரத்து மேசை ஆடும், அதுல உக்காராதீங்க. காத்துல மீன் வாடை இருக்கும். படி ஒண்ணுகூட இல்ல. நாற்காலி உயரம். எங்கம்மா யாரையும் பிடிக்காம எந்திரிச்சாங்க.”

பெரியவர் முதல் தடவையாகச் சிரித்தார். படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து நின்றிருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “போலாமாடி?”

“அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு என்ன வயசு, கேளுங்க,” என்றார் அந்த அம்மா. சொன்னேன். தன்னைவிடப் பதினைந்து வயது குறைவு என்று கேட்டதும் அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, “வீட்ல படி இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

“நாப்பத்திரெண்டு,” என்றேன்.

அன்று சாயங்காலம் அவர்கள் போய்ச் சாப்பிட்டு வந்தார்கள். காரம் நான் சொன்ன அளவுக்கு இல்லை என்று பெரியவர் குறை சொன்னார். பழைய பட்டியலை எடுத்துவிட்டேன். இப்போது மேசையில் இருக்கும் தாளில் மூன்றே இடங்கள். மூன்றிலும் அம்மாவும் நானும் சாப்பிட்டிருக்கிறோம். நான்காவதைக் கேட்பவர்களிடம் தெரியாது என்கிறேன். முதலில் அந்தச் சொல் வாயில் வரவே கஷ்டப்பட்டது. இப்போது பரவாயில்லை.

பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், ரோட்டு மட்டத்தில் ஒரு வீடு பேசி முடித்துவிட்டேன். சாவி என் கைப்பையில் இருக்கிறது. நேற்று அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். வாசலில் ஒரே ஒரு படி. அதில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி உள்ளே போய் ஜன்னலைத் திறந்து பார்த்தாள்.

“இங்கேருந்து கடலே தெரியாதே புள்ள,” என்றாள்.

“தெரியாதும்மா,” என்றேன். பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரிந்தது. அம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கையை எதன்மேலும் ஊன்றியிருக்கவில்லை.