திக்கிய வாயோடு கிடைத்த வேலை

எனக்குத் திக்குவாய். எல்லோரோடும் சேர்ந்து செபமாலை சொல்லும்போது திக்காது. பாடும்போதும் திக்காது. தனியாக ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டி வந்தால் போதும், முதல் எழுத்திலேயே தொண்டை பூட்டிக்கொள்ளும். அதனால்தான் ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையை எழுத்தில் சொல்கிறேன்.

என் பெயர் அந்தோணிராஜ். அனுமந்தையில் இருக்கிறோம். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு மரக்காணத்தில் ஓர் உப்பளத்தில் மோட்டார் வேலை பார்த்துவந்தேன். உப்புக் காற்றில் எந்த மோட்டாரும் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, உள்ளே செம்புக் கம்பிச் சுருளைப் புதிதாகக் கட்டி ஓட வைப்பேன். அந்த வேலையில் பேச்சு அதிகம் தேவைப்படவில்லை. போன மழைக்காலத்தில் வெள்ளம் கரைகளை உடைத்துக்கொண்டு பாத்திகளுக்குள் புகுந்தது. இந்த வருஷம் உப்பு எடுக்கப் போவதில்லை, வேறு இடம் பார்த்துக்கொள் என்று முதலாளி வருத்தத்தோடு சொல்லிவிட்டார்.

வெளியே வேலை தேடியபோதுதான் என் வாய் எனக்கு எவ்வளவு பெரிய தடை என்று தெரிந்தது. ஒரு ஹோட்டல்காரர் போனில் பெயரைக் கேட்டார். 'அ' என்ற எழுத்திலேயே நின்றுவிட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து அவர் வைத்துவிட்டார். இன்னொரு இடத்தில் நான் பேசி முடிப்பதற்குள்ளேயே சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். என் மனைவி ஜெனிட்டா பொம்மையார்பாளையத்தில் ஒரு விடுதி வேலைக்குப் போய் வீட்டைப் பார்த்துக்கொண்டாள்.

அந்த நாட்களில்தான் எங்கள் சின்ன மகள் ஸ்டெஃபி திக்க ஆரம்பித்தாள். "அ... அ... அப்பா" என்றாள். நான் உடைந்துபோனேன். என்னிடமிருந்துதான் அவளுக்குத் தொற்றிக்கொண்டது என்று நம்பினேன். அவள் காதில் விழக்கூடாது என்று வீட்டில் பேசுவதையே விட்டுவிட்டேன். அவள் கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டுவேன். தினமும் கோயிலில் மாதா சிலை இருக்கும் கெபி முன்னால் போய் நின்று, "ஆண்டவரே, என் நாக்கை அவிழ்த்துவிடும். வேறொன்றும் வேண்டாம்" என்று அழுவேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஆரோவில் பக்கம் சோலார் பம்ப் மாட்டும் கம்பெனி ஒன்றில் சர்வீஸ் ஆள் எடுக்கிறார்கள் என்று ஜெனிட்டாவின் தம்பி டேவிட் வந்து சொன்னான். எல்லோரும் ஏஐ என்கிறார்களே, அதைப் போனில் திறந்து எனக்கு பயோடேட்டா எழுதச் சொன்னான். கண் மூடித் திறப்பதற்குள் அழகான இங்கிலீஷில் வந்துவிட்டது. அவன் அர்த்தம் சொன்னான். என் கீழே ஒரு பெரிய குழு வேலை செய்ததாம். நான் பேச்சில் கெட்டிக்காரனாம். ரொம்ப நாள் கழித்து அன்றுதான் சிரித்தேன். பிறகு நானே தமிழில் தட்டினேன்: இது இரண்டும் பொய், நான் செய்த வேலையை மட்டும் எழுது. அது திருத்திக் கொடுத்தது. ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டேன். யாராவது கேட்டால் என்னால் விளக்க முடியாத வரிகளை எடுத்துவிட்டேன். எனக்குத் திக்குவாய், பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்.

வீடியோவில் நேர்காணல் என்று பதில் வந்தது. சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். அப்போது டேவிட் இன்னொன்றைக் கொண்டுவந்தான். எங்கள் வீட்டுச் செபமாலையில் அவன் பதிவு செய்த என் குரலை ஓர் ஆப்பில் போட்டிருந்தான். எழுத்தில் தட்டினால் அது என் குரலில் பேசுமாம். கேள்வியைக் கேட்டுப் பதிலையும் அதுவே எழுதிக்கொள்ளுமாம். வீடியோவை நிறுத்திவிட்டு, சிக்னல் சரியில்லை என்று சொல்லிவிட்டால் போதும் என்றான்.

அவன் அழுத்தினான். "வணக்கம், என் பெயர் அந்தோணிராஜ்" என்று போனுக்குள்ளிருந்து நான் பேசினேன். என் குரல். ஓர் இடத்திலும் தடங்கல் இல்லை. நான் வாழ்நாளெல்லாம் கேட்க ஏங்கிய குரல் அது. என்னையறியாமல் கண்ணீர் வந்தது. இதுதான் என் செபத்துக்குப் பதிலோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

ஜெனிட்டா இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "குரல் நல்லாத்தான் இருக்குது. ஆனா அது யாருன்னு எனக்குத் தெரியலங்க" என்றாள்.

டேவிட் விடவில்லை. "மாமா, எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. வேலை கெடைச்சதும் விட்டுடலாம்" என்றான்.

நான் கெபிக்குப் போனேன். அன்று அழவில்லை. அந்தக் குரலுக்கு வேலை கொடுத்தால் மறுநாள் வேலைக்குப் போகிறவன் யார் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். முதல் முறையாக என் செபம் மாறியது. "நான் திக்குவேன் ஆண்டவரே. கேட்கிறவர்கள் போனை வைத்துவிடாமல் இருக்கட்டும்" என்று வேண்டினேன். மனசு லேசானது. திரும்பி வந்ததும் அந்த ஆப்பை அழிக்கச் சொல்லிவிட்டேன்.

ஏஐயை விடவில்லை. என்னைக் கேள்வி கேள் என்றேன். கேட்டது. என் சொந்த வாயால் சத்தமாகப் பதில் சொல்லிப் பழகினேன். எவ்வளவு நேரம் எடுத்தாலும் அது அவசரப்படுத்தவில்லை. சோலார் கனெக்‌ஷன் பற்றி அது சொன்ன ஒன்று எனக்குச் சரியாகப் படவில்லை. கம்பெனிக் கையேட்டைத் தேடிப் பார்த்தேன், தப்புதான். அன்று முதல் அது சொல்வது எதையும் பார்க்காமல் ஏற்கவில்லை.

நேர்காணல் அன்று ஜெனிட்டா பக்கத்து அறையில் முழங்காலில் இருந்தாள். போன் திரையில் ஒரு மேனேஜர் அம்மா வந்தார். உப்புக் காற்று அடிக்கும் இடத்தில் பம்ப் நின்றுபோனால் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டார். பதில் எனக்கு அத்துப்படி. ஆனால் 'மோட்டார்' என்ற சொல் வரவில்லை. "மோ... மோ..." உதடு ஒட்டிக்கொண்டது. அந்த அம்மா அசையாமல் இருந்தார். லைன் கட்டாகிவிட்டது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆண்டவரே, ஆண்டவரே என்று உள்ளே கூப்பிட்டேன்.

அப்போது அந்த அம்மா சொன்னார்: "நான் லைன்லதாங்க இருக்கேன். மெதுவா சொல்லுங்க."

எத்தனையோ செபம் செய்திருக்கிறேன். ஆண்டவர் எனக்குப் பதில் சொன்னதை என் காதால் கேட்டது அன்றுதான். பயம் விட்டது. திக்கித் திக்கி முழுவதும் சொன்னேன். ஒயர்கள் வந்து சேரும் டெர்மினல் பெட்டியில் உப்புப் பூத்திருக்கிறதா என்று பார்ப்பதிலிருந்து தொடங்கினேன். கடைசியில் அவர், காலையிலிருந்து பலரும் எதையோ பார்த்து ஒரே மாதிரிப் பதிலைப் படிக்கிறார்கள், நீங்கள்தான் உங்கள் வேலையைச் சொன்னீர்கள் என்றார். நேரில் வரவழைத்து ஒரு பம்பைப் பழுது பார்க்கச் சொன்னார்கள். செய்தேன். வேலை கொடுத்தார்கள். செய்தியைச் சொன்னதும் ஜெனிட்டா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ஸ்டெஃபியை ஆஸ்பத்திரியில் காட்டினோம். இந்த வயதில் நிறையப் பிள்ளைகளுக்கு வருவதுதான், உங்கள் பேச்சைக் கேட்டதால் வந்ததில்லை, அவளோடு நிறையப் பேசுங்கள் என்றார் டாக்டர். இப்போது வீடு முழுக்க எங்கள் பேச்சுதான். நான் இன்னும் திக்குகிறேன். நாக்கை அவிழ்க்கச் சொல்லிக் கேட்டேன். ஆண்டவர் என் வெட்கத்தை அவிழ்த்துவிட்டார். அவருக்கு நன்றி.

வேலை தேடும் தம்பி தங்கைகளே, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வேப்பமரத்தடியில் இருப்பேன். போனை எடுத்துக்கொண்டு வாருங்கள். முதலில் செபிப்போம். பிறகு நீங்கள் உண்மையில் செய்ததை எழுதுவோம். பேச்சு வரவில்லையென்றாலும் வாருங்கள். எனக்கு அவசரமில்லை.