கரைக்கு வராதீங்க என்று சொன்ன நாள்

கடலோரத் தகவல் மையம் ஒன்றில் குரல் பதிவு செய்வது என் வேலை. போன வருஷம் ஓய்வு பெற்றேன். காலையில் ஆங்கிலத்தில் கடல் வானிலை புல்லட்டின் வரும். அந்தமான் கடலில் காற்று எவ்வளவு, மத்திய மேற்கு வங்கக்கடலில் எவ்வளவு, குமரிக்கடல் எப்படி என்று பகுதி பகுதியாகப் போட்டிருப்பார்கள். அதில் நம் கரைக்கு வேண்டியதைப் பிரித்துத் தமிழாக்கி, நானே பேசிப் பதிவு செய்து அனுப்புவேன். அது மீனவர்களின் போனுக்குப் போகும். ஊர்ப் பஞ்சாயத்து மைக்செட்டிலும் ஒலிக்கும். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் "அக்கா, உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க" என்று பிடுங்கி எடுக்கிறார்கள். எழுதுவதற்கு நிறைய உண்டு. அதில் ஒரு நாளை மட்டும் எழுதுகிறேன், அது போதும்.

1. காற்றில்லாத அலை

பிள்ளைச்சாவடி மீனவர் குப்பத்தில் மைக்செட்டு கரகரக்கிறது என்று புகார் வந்ததால் பார்க்கப் போயிருந்தேன். கையில் குடை, தோளில் பை. என்னைக் கண்டாலே அங்கே ஒரு கிண்டல் உண்டு. "மதாம் வந்துட்டாங்க, வலைய மடிங்கடா!" பிரெஞ்சுக்காரன் போய் எத்தனையோ காலமாகியும் சட்டை போட்ட பொம்பளையைப் பார்த்தால் எங்கள் ஊரில் மதாம்தான். நானும் விடமாட்டேன். "மடிக்கற மாதிரி வலையாடா அது? பூராவும் ஓட்ட" என்பேன்.

வெயில் சுள்ளென்று அடித்தது. மேகம் ஒரு பொட்டு இல்லை, இலை அசையவில்லை. எங்கள் அதிகாரி பாலகுரு சார் போன் செய்தார்.

"மேரி, எங்க இருக்கீங்க? தெக்கேர்ந்து ஸ்வெல் வருது. இந்தியப் பெருங்கடலோட தெக்குக் கோடியில, அண்டார்ட்டிகா பக்கம், சில நாள் முன்னாடி பெரிய புயல் அடிச்சுது. அந்த அலை இப்ப நம்ம கரைக்கு வந்து சேருது. மதியத்துலேர்ந்து கரையோரம் பெருசா ஒடையும். அலர்ட்டு இப்பத்தான் வந்துது. மெசேஜ் போட்டாச்சு."

அவர் வைத்ததும் மைக்செட்டில் என் குரலே கேட்டது. "கடல் சீற்ற எச்சரிக்கை. உயரமான அலைகள் எழ வாய்ப்புள்ளது. மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்." எப்போதோ பொதுவாகப் பதிவு செய்து வைத்தது. எச்சரிக்கை என்றால் அதைத்தான் ஓட்டுவார்கள்.

அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. ஆனால் படகுகள் விடியும் முன்பே போய்விட்டன. போனில் கேட்டாலும், கடலில் இருப்பவன் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இல்லை. மைக்கில் கேட்டவர்கள் கரையில் நின்ற பெண்கள்தான்.

2. வீட்டுக்கு ஒரு போன்

அந்த ஊரில் ஒரு பழக்கம் உண்டு. புயல்களில் அடிபட்டுக் கற்றுக்கொண்டது. மைக்கில் எச்சரிக்கை வந்தால் வீட்டுக்கு ஒருத்தி போனை எடுத்துப் புருஷனையோ பிள்ளையையோ கூப்பிட்டு "வந்துடு" என்பாள். யாரும் சொல்ல வேண்டியதில்லை. கரையிலிருந்து கொஞ்ச தூரம் வரை சிக்னல் கிடைக்கும், ஃபைபர் படகுகள் அதற்குள்தான் நிற்கும். புயலுக்கு அது அருமையான பழக்கம். எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது.

அன்றைக்கும் கரை முழுக்கப் பெண்கள் காதில் போனோடு நின்றார்கள். "ஒடனே வா." "வலைய வுட்டுட்டு வா." "இன்னா யோசிக்கற, வா!"

புயல் வேறு, இது வேறு. தூரத்துப் புயலின் அலை ஆழ்கடலில் மெல்லத் தூக்கி மெல்ல இறக்கும், படகில் இருப்பவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது. கரையை நெருங்கி, தண்ணீர் ஆழம் குறைந்த பிறகுதான் அது எழுந்து நின்று மடங்கி உடையும். அன்றைக்கு அந்த ஆண்களுக்குப் பத்திரமான இடம் கடல். ஆபத்து கரையில் இருந்தது. அந்தக் கரைக்குத்தான் எல்லாரும் சேர்ந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பக்கத்தில் செல்வி. மீன் விற்கிறவள், வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். அன்று சாயங்காலம் அவள் மகள் சத்யாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை சேதராப்பட்டில் கம்பெனி வேலை, விவசாயக் குடும்பம். இப்படியொரு நாளில் புருஷன் ஏழுமலை ஏன் கடலுக்குப் போனார் என்று கேட்டேன்.

"சம்பந்தி வூட்டுக்குக் கடையில வாங்குன மீனயா யக்கா போடறது? நாளைக்கு ஊரே சிரிக்காது? நானே புடிச்சாறேன்னு தம்பிய இட்டுக்கினு போயிருக்காரு. இதோ, திரும்பிட்டேன்னாரு."

"செல்வி, திரும்ப வேணாம்னு சொல்லு."

"இன்னாது?"

"கரைக்கு வர வேணாம். அலைக்கு அந்தாண்டையே நங்கூரம் போட்டு நிக்கச் சொல்லு. காலையில வரட்டும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீதானே யக்கா இப்ப மைக்குல கத்துன, கடல்ல சீற்றம்னு? சீற்றத்துல எங்க வூட்டு ஆள நிக்கச் சொல்றியா? அதுவும் இன்னைக்கு? நல்லாருக்கு போ ஒன் ஞாயம்!"

நான் வாய் திறப்பதற்குள் கூச்சல். முதல் படகு கரையை நெருங்கிவிட்டது. பின்னால் ஓர் அலை எழுந்தது. பச்சையாக, அவசரமே இல்லாமல் எழுந்தது. படகின் பின்பக்கத்தைத் தூக்கி மூக்கை மண்ணில் குத்திக் கவிழ்த்தது. இறங்கி இழுத்தவர்கள் மூன்று பேரையும் உயிரோடு கொண்டுவந்தார்கள், மாதாவுக்கு நன்றி. அதில் ஒருவருக்குக் கால் முறிந்துவிட்டது. ஆட்டோவில் போட்டுக் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அவர் போட்ட அலறல் இன்றும் என் காதில் இருக்கிறது.

3. "இரு"

செல்வியிடமிருந்து போனைப் பிடுங்காத குறையாக வாங்கினேன்.

"ஏழுமலை, மேரி பேசறேன். கரைக்கு வராதீங்க."

"இன்னா மதாம் தமாசு பண்றீங்க? இங்க கடல் பாலாட்டம் கெடக்குது."

"அங்க அப்படித்தான் இருக்கும். இங்க போட்டு ஒண்ணு கவுந்துபோச்சு."

"மதாம், ஊட்ல விசேஷம். நான் இல்லாம தட்டு மாத்துவாங்களா? அலை பாக்காதவனா நானு? ரெண்டு அலை வுட்டு மூணாவதுல பூந்து வந்துடுவேன்."

வருவார். எனக்குத் தெரியும். மகள் நிச்சயத்துக்கு எந்த அப்பன் வராமல் இருப்பான்? அலையின் கணக்கெல்லாம் அவர் காதில் ஏறாது. நான் தவித்துக்கொண்டு நின்றேன். கரையில் குப்புறக் கிடந்த படகையே பார்த்துக்கொண்டிருந்த செல்வி போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"இந்தா, நான் சொல்றன் கேளு. நீ வராத. அங்கயே இரு. பொண்ணுக்கு நிச்சயம் இன்னொரு நாள் பண்ணிக்கலாம், அப்பன எங்க போயி வாங்கறது? மீறி வந்தின்னா நான் இந்தக் கரையில நிக்க மாட்டேன், சொல்லிட்டேன். தண்ணி இருக்குதா? தம்பிக்கும் குடு. போன அமுத்தி வை, சார்ஜ் போயிடும்."

போனை அணைத்துவிட்டு மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அவ்வளவு தைரியமாகப் பேசியவளா என்று இருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன், அதில் என்ன வெட்கம்? பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பஞ்சாயத்து மைக்கைப் பிடித்தேன். எழுதி வைத்த தமிழைத் தூரப் போட்டேன். "எம்மா, எல்லாரும் மறுபடியும் போன் போடுங்க. வராத, அங்கயே நில்லுன்னு சொல்லுங்க. செல்வி சொல்லிட்டா, நீங்களும் சொல்லுங்க." செல்வி சொன்னாள் என்றதும்தான் மற்றவர்கள் போனை எடுத்தார்கள். ஒவ்வொரு படகாக அலைக்கு அப்பால் நின்றது.

சாயங்காலம் வேன் நிறையச் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். ஏரிப் பாசன ஊர்க்காரர்கள், விசேஷ நாளில் மட்டும் கடலைப் பார்ப்பவர்கள். மாப்பிள்ளையின் அப்பா கரைக்கு வந்து கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"அதோ தெரியுதே, அந்தப் போட்டா? கூப்புடு தூரத்துலதான நிக்குது! அங்கேர்ந்து வர முடியாதா? நல்ல நேரம் போவுது. பெரியப்பா சித்தப்பா யாராவது நின்னு தட்ட மாத்துங்க."

செல்வி முந்தானையை இழுத்துச் செருகினாள். "சம்பந்தி, ஒங்களுக்கு நல்ல நேரம் வேணுமா, பொண்ணுக்கு அப்பா வேணுமா?"

அவர் முகம் சுண்டிவிட்டது. போச்சு, கல்யாணமே நின்றது என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வந்தார். கரையில் உடைகிற அலையைப் பார்த்தார், கவிழ்ந்த படகைப் பார்த்தார், பின்னால் வீட்டுக் கதவோரம் பட்டுப்புடவையோடு நின்ற சத்யாவைப் பார்த்தார். புருஷனிடம் திரும்பி, "காலையில நல்ல நேரம் வராதா? வேன அனுப்பிடு. நாம இருந்துட்டுப் போவோம்" என்றார். சமைத்ததைப் பரிமாறினார்கள். ரசமும் அப்பளமும்தான், மீன் படகில் இருந்ததே!

4. மறுநாள்

காலையில் அலை இறங்கியதும் படகுகள் வந்தன. ஏழுமலை உதடு வெடித்து, கண் சிவந்து இறங்கினார். செல்வி ஓடிப்போய் அவர் தோளில் படபடவென்று அடித்தாள். "பெரிய வஞ்சரம் புடிக்கப் போனாரு, வஞ்சரம்!" அவர் அடியை வாங்கிக்கொண்டு சிரித்தார். குளித்து வேட்டி மாற்றியதும் தட்டு மாற்றினார்கள். எனக்கும் ஒரு வெற்றிலைப் பாக்குத் தட்டு வந்தது.

கிளம்பும்போது செல்வி என்னை பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிட்டாள். கோபம் எல்லாம் இல்லை, தன்மையாகத்தான் சொன்னாள்.

"யக்கா, நீ சொன்னது நெசந்தான். ஆனா எங்ககிட்ட சொன்ன. நாங்க கரையில நிக்கறவங்க, எங்களுக்கு வான்னுதான் கூப்புடத் தெரியும். இருன்னு சொல்றதுக்குள்ள எனக்கு உசுரே போயிடுச்சு. இனிமே அத நீ சொல்லு."

அந்த வாரமே பழைய பதிவை அழித்தேன். அதன்பிறகு என் பதிவு ஒவ்வொன்றும் "கடலில் இருப்பவர்களுக்கு" என்று தொடங்கியது. வர வேண்டுமா, நிற்க வேண்டுமா, எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது முதலில். கரையில் இருப்பவர்களுக்கு அதற்குப் பிறகு. நீளமாகிறது என்று பாலகுரு சார் முணுமுணுத்தார். "இருக்கட்டும் சார், கேக்கறவங்க கேக்கட்டும்" என்றேன்.

என் நாற்காலியில் இருக்கும் பிள்ளைகளே, புல்லட்டினை யார் வேண்டுமானாலும் தமிழாக்கலாம். மைக்கைத் திறக்கும் முன்பு, இதைக் கேட்கிறவர் இப்போது எங்கே நிற்கிறார் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். "இரு" என்று சொல்ல வேண்டிய நாளில் அதை நீங்களே சொல்லுங்கள். ஒரு பெண்டாட்டியைச் சொல்ல வைக்காதீர்கள்.